மணிச் சத்தம் எட்டும் தூரம்

நெஸ்டர் கிழவர் அந்த டிசம்பரில் இரண்டு தடவை செத்துப் பிழைத்தார். முதல் தடவை பாதிரியார் எண்ணெய் பூசி ஜெபத்தை முடிப்பதற்குள் கண்ணைத் திறந்து, பன்றித் தொடைக்கறி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டாவது தடவை, சவப்பெட்டி செய்ய வந்தவன் பலகையை அளந்துகொண்டிருந்தபோது எழுந்து உட்கார்ந்து, அது தன் கொல்லையிலிருந்து எடுத்த பலகைதானே என்று சண்டைக்குப் போனார். படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்தே காலத்தை ஓட்டிய மனிதர். எங்கள் கிழக்குக் கரையில் அவரிடம் திட்டு வாங்காத சிப்பிக்காரன் கிடையாது. ஆனாலும் அவர் மூச்சு நின்றால் கோயில் மணி அடிக்கும். மணி அடித்தால் சங்கத்து வாத்தியக்காரர்கள் வந்தாக வேண்டும். அதில் பேச்சே இல்லை.

அந்த வாரம் பார்த்துத்தான் அல்சீட் டுப்பாரின் பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள்.

நான் ஃபெரியில் கயிறு கட்டுகிறவன். பெயர் ஓவீட். முப்பத்தொரு வருஷமாக மிசிசிப்பி ஆற்றை ஒரு நாளைக்கு இருபது தடவை தாண்டுகிறேன், இன்னும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஊரைவிட்டுப் போகிறவர்களும் திரும்பி வருகிறவர்களும் என் சங்கிலியைத் தாண்டித்தான் போக வேண்டும். அல்சீட் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் போனபோது மூத்தவன் தியோவுக்குப் பதினெட்டு வயது, இளையவள் ஓடிலுக்குப் பதினைந்து. அவன் கையில் ட்ரம்பெட், இவள் கையில் கிளாரினெட். ஒன்பது வருஷமாக நியூயார்க், பாரிஸ், இன்னும் எனக்கு வாயில் நுழையாத ஊர்களில் எல்லாம் ‘டுப்பார் அண்ணன் தங்கை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களாம். இப்போது எதிர்க்கரையில் ஆரஞ்சுத் திருவிழா. சனிக்கிழமை சாயங்காலம் இவர்கள் ஜாஸ் கச்சேரி. குழுவில் மற்ற நாலு பேர் நேராக அங்கே வந்துவிடுவார்கள். இவர்கள் மட்டும் ஐந்து நாள் முன்னாடியே அம்மா கைச்சாப்பாடு சாப்பிட வந்தார்கள்.

ஓடில் என் ஞான மகள். ஞானஸ்நானத் தொட்டியில் அவளை ஏந்தி நின்றவன் நான். அவள் என்னைப் பர்ரேன் என்பாள். ஞானத்தகப்பனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

திங்கட்கிழமை மத்தியான ஃபெரியில் வந்து இறங்கினார்கள். என் வேலை முடிந்ததும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை என்றால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சிவப்பு பீன்ஸும் சோறும்தான். அல்சீட்டின் பெண்டாட்டி வெர்னா அதோடு சிப்பி வறுவலும் செய்திருந்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் பின்னாலேயே சுற்றினாள்.

“என்னடா இது, ரெண்டும் காஞ்சு போய் வந்திருக்கீங்க? அங்க எல்லாம் கைதட்டி மட்டும் அனுப்பிடறாங்களா, சோறு போடறதில்லையா?”

“மம்மா, இது மூணாவது தட்டு” என்றாள் ஓடில்.

“உன்னைச் சொல்லலை. அவனைச் சொல்றேன். கோழி கொத்தற மாதிரி கொத்திட்டு இருக்கான். தியோ, காரமா இருக்கா?”

“இல்லை மம்மா. பல்லு கொஞ்சம் கூச்சம்.”

அல்சீட் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது பேச மாட்டான், படகில் பேச மாட்டான். பேசுவதெல்லாம் அவனுடைய பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிய பிறகுதான். சங்கத்து வாத்தியக் குழுவுக்கு அவன்தான் தலைவன். அந்த டிரம் ஒரு அடி அடித்தால் பன்னிரண்டு பேர் கால் எடுத்து வைப்பார்கள்.

“நெஸ்டர் இந்த வாரம் தாங்க மாட்டார்” என்றான் கடைசியில், தட்டைத் தள்ளிவிட்டு.

தியோ கையில் கரண்டி அப்படியே நின்றது. “அவர் இன்னும் இருக்காரா?”

“இருக்கார். போறதுக்கு நேரம் பார்த்துட்டு இருக்கார். நீ வந்துட்டே, இனிமே போயிடுவார்.” இதைச் சொல்லிவிட்டு அல்சீட் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து நாலைந்து மாதம் இருக்கும். “முன்னால நடந்து ஊதறதுக்கு ஆள் இல்லாம ரெண்டு வருஷமா திண்டாடறோம். அந்த மார்செல் ஊதறதைக் கேட்டா பிணம் எழுந்து ஓடிப் போயிடும்.”

எங்கள் புனித யோசேப்பு சங்கத்தின் சட்டம் பழையது. ஆம்பிளைகள் எல்லாம் வாரக்கணக்கில் சிப்பித் திட்டுகளில் குடிசை போட்டுக் கிடந்த காலத்தில் எழுதியது. சாவு மணி எந்த வாத்தியக்காரன் காதில் விழுகிறதோ அவன் அடக்கத்துக்கு வாசித்தாக வேண்டும். மணி எட்டாத தூரத்தில் இருந்தவனைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆறுதான் எல்லை, கரையைவிட்டு ஆற்றுக்குள் போய்விட்டவனுக்கு மணி கேட்கவில்லை என்று கணக்கு. கேட்டும் வராதவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள், அவன் வீட்டில் அடுத்து விழும் சாவு வாத்தியம் இல்லாமல் போகும். அப்படி ஒரே ஒரு ஊர்வலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மைல் தூரத்துக்கு பூட்ஸ் சத்தம் மட்டும்தான். அந்தக் குடும்பம் அதற்கப்புறம் ஊரில் இருக்கவில்லை. அல்சீட் தன் பிள்ளைகள் இருவர் பெயரையும் அவர்கள் சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கிய அன்றே பதிவேட்டில் எழுதிவிட்டவன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அல்சீட் படகில் கைகொடுக்கப் போனேன். தியோவும் வந்தான். வந்தான் என்ன, அப்பன் புது பூட்ஸைத் தூக்கி அவன் முன்னால் போட்டான், அவன் மாட்டிக்கொண்டான். டிசம்பர் என்று பெயர்தானே தவிர காற்றில் ஈரமும் வெக்கையும். ஆறு மட்டும் வடக்கே இருந்து குளிர்ந்து வருகிற ஐஸ் தண்ணீர். இப்படி இரண்டும் சேர்ந்தால் மூடுபனி போடும், ஃபெரி நின்றுபோகும். அன்றைக்கு நல்லவேளையாக வெளிச்சமாகத்தான் இருந்தது.

அல்சீட் நீளக் கைப்பிடி போட்ட இடுக்கியை இரண்டு கையாலும் இறக்கி, அடியில் கிடக்கும் சிப்பியைக் கவ்வி ஏற்றிப் பலகையில் கொட்டினான். நானும் தியோவும் சின்னச் சுத்தியலால் கொத்தாக ஒட்டியிருந்ததைத் தட்டிப் பிரித்து, சின்னதைத் தண்ணீரிலேயே வீசிவிட்டு, பெரியதைச் சாக்கில் போட்டோம். குனிந்த முதுகு நிமிர ஒரு மணி நேரம் ஆகும். தியோ ஒன்பது வருஷத்தில் கையை மறந்திருக்கவில்லை. டக், டக் என்று ஒரே தட்டில் பிரித்தான்.

“கை அப்படியே இருக்குடா” என்றேன்.

“இதுக்கு வேற என்ன வேணும்? கை போதும்” என்றான். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். அவன் காப்பியை வாயின் ஓரத்தில் வைத்து உறிஞ்சுவதை அப்போதுதான் கவனித்தேன். பல்கூச்சம் என்று சொன்னது ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

அல்சீட் இடுக்கியை நிறுத்தினான். “நேத்து ராத்திரி சாப்பிட்டதுக்கப்புறம் ட்ரம்பெட் பெட்டியே திறக்கலையே?”

“ரெஸ்ட் குடுக்கணும் பப்பா. சனிக்கிழமை கச்சேரி.”

“காலைலயும் திறக்கலை.”

“ரெஸ்ட் பப்பா.”

“உங்க தாத்தா அடக்கத்துக்குப் பதினாலு வயசுல நீ முன்னால நடந்தே. அந்தப் பாட்டுல மூணாவது அடி, மேல ஏறுற இடம். தண்ணியில இருந்த படகுக்காரன் எல்லாம் தொப்பியை எடுத்தான். பின்னால எனக்கு டிரம் அடிக்கக் கை வரலை.” அல்சீட் இவ்வளவு நீளமாகப் படகில் பேசி நான் கேட்டதில்லை. “நெஸ்டருக்கும் அதே மாதிரி ஊது. எனக்கும் ஒரு நாள் ஊதணும்.”

தியோ சுத்தியலைத் தவற விட்டுக் கட்டைவிரலில் அடித்துக்கொண்டான். அப்பன் பேசிவிட்டு இடுக்கியை இறக்கிவிட்டான், பார்க்கவில்லை.

மறுநாள் ஓடில் ஃபெரிக்கு வந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் எல்லாம் இப்படித்தான் வருவாள். எந்தக் கரையிலும் இறங்காமல் என்னோடு போய்ப் போய் வருவாள். இப்போதும் ஒரு பை ஆரஞ்சை எடுத்துக்கொண்டு வந்து, கயிறு சுற்றும் கட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது நடையில்தான் வாயைத் திறந்தாள்.

“பர்ரேன், ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? ஆத்துகிட்டயா?”

“சீட்டாடற இடத்துல சொல்வீங்க.”

“அங்க நான் தோத்துட்டே இருப்பேன், பேச நேரம் ஏது? சொல்லு.”

“தியோவுக்கு உதடு போச்சு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுத்தானே அவன் முகத்தைப் பார்த்தேன், இருந்தது.

“உள்ள சதை கிழிஞ்சிடுச்சு பர்ரேன். மார்ச் மாசம் ஒரே நாள்ல மூணு கச்சேரி ஒத்துக்கிட்டான். வேண்டாம்னு சொன்னேன், கேக்கலை. டாக்டர் ஒரு வருஷத்துக்கு வாயே வைக்கக் கூடாதுன்னார். இவன் நாலாவது நாள் வச்சான். இப்ப கீழ் ஸ்வரம் எல்லாம் வரும். மேல ஏறினா வெறும் காத்துதான்.”

“அப்போ இத்தனை மாசமா யாரு ஊதறது?”

“பின்னால நிக்கறானே கோர்ட்னி, ரெண்டாவது ட்ரம்பெட். அவன் பாதி. நான் பாதி. தியோ எங்க விழப் போறான்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். வலது தோள் லேசா தூக்கும். உடனே நான் என் பாட்டை விட்டுட்டு அவன் இடத்துக்குப் போயிடுவேன். சனங்க அவனைப் பார்த்துட்டே கேக்கறாங்க, அதனால அவன் ஊதற மாதிரியே இருக்கும். ஒன்பது மாசம். என் பாட்டை நான் முழுசா வாசிச்சு ஒன்பது மாசம் ஆச்சு.”

எதிரே ஒரு எண்ணெய்க் கப்பல் போனது. அதன் அலையில் ஃபெரி ஆடி அடங்கியது.

“சிகாகோவுல ஒரு அம்மா இருக்காங்க. பியானோ வாசிக்கறவங்க. பன்னெண்டு பேர் குழு வச்சிருக்காங்க. கிளாரினெட்டுக்கு என்னைக் கேட்டு எழுதியிருக்காங்க. என்னை மட்டும். சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.”

“போயேன்!”

“எப்படிப் போறது? நான் போன அன்னிக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். கடிதாசியைக் காட்டினேன். என் காலைப் பிடிச்சுட்டு அழுதான் பர்ரேன். எங்க அண்ணன். சைக்கிள்ல என்னை முன்னால வச்சு பேண்ட் பழகக் கூட்டிட்டுப் போனவன்.”

“அவனே சொல்லிட வேண்டியதுதானே? உதடு போனா உசிரா போச்சு?”

“அவன் அப்படித்தான் நினைக்கறான். சொன்னா பப்பா படகுதான். அந்தச் சுத்தியல்தான். நேத்து வந்து கட்டில்ல படுத்துட்டு, ‘எனக்காக பூட்ஸ் வாங்கி வச்சிருக்காங்க, சரியான அளவுல’ன்னு சொல்லிட்டே இருந்தான்.” அவள் ஆரஞ்சை உரித்து உரித்து வைத்தாளே தவிர ஒரு சுளை வாயில் போடவில்லை. “நாளைக்குக் காலைல முதல் ஃபெரில போயிடலாங்கறான். ரிகர்சல்னு சொல்லிட்டு சனிக்கிழமை வரைக்கும் அந்தக் கரையிலயே இருந்துடலாமாம். கிழவர் செத்தா மணி நம்ம காதுல விழலைன்னு ஆயிடும்.”

நான் யோசிக்காமல் சொன்னேன். “ஒரு விதத்துல பார்த்தா, நீங்க இங்க இருக்கும்போதே நெஸ்டர் போயிடறதுதான் உனக்கு நல்லது. அடக்கத்துல கோர்ட்னி கிடையாது. நீ சும்மா உன் பாட்டை வாசி. எல்லாம் தானா வெளிய வந்துடும். நீ காட்டிக் குடுத்த மாதிரியும் ஆகாது.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நானும் அதை நினைச்சேன் பர்ரேன். நினைச்சதுக்கு என்னை நானே அறைஞ்சுக்கணும் போல இருந்துச்சு.”

வியாழக்கிழமை காலையில் மூடுபனி. சாதாரணப் பனி இல்லை. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஆறரை மணிக்கு தியோவின் கார் சாய்தளத்தில் இறங்கி ஃபெரிக்குள் வந்து நின்றது. அதற்கு முன்னால் ஒரு கேஸ் சிலிண்டர் லாரி மட்டும் நின்றது, அதன் டிரைவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கேப்டன் மேலே இருந்து கத்தினார், எதிர்க்கரை விளக்கு தெரிகிற வரைக்கும் நகர முடியாது என்று.

தியோ கண்ணாடியை இறக்கினான். “எவ்வளவு நேரம் ஆகும்?”

“பனிகிட்ட கேளு.”

“ரோட்டு வழியா சுத்திப் போனா?”

“மூணு மணி நேரம். இந்தப் பனியில அஞ்சு. அதுவும் கோயில் வாசல் வழியாத்தான் போகணும்.”

அவன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். ஓடில் பக்கத்தில் கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு ஆயிற்று. ஏழேகால் ஆயிற்று. வெர்னா கட்டிக்கொடுத்திருந்த சோறு அடைத்த சாசேஜின் வாசனை காருக்குள்ளிருந்து வந்தது. யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. கயிறு இன்னும் கரையில்தான் கட்டியிருந்தது. அதை அவிழ்ப்பதற்காகத்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது மணி அடித்தது.

பனியில் சத்தம் பக்கத்தில் வந்துவிடும். எங்கள் மூன்று பேர் தலைக்கு மேலேயே அடித்த மாதிரி இருந்தது. ஒன்று. நிறுத்தி, இன்னொன்று. வயதுக்கு ஒரு அடி. எண்பத்தாறு அடி அடிக்க வேண்டும். நெஸ்டர் மூன்றாவது தடவை திரும்பி வரவில்லை.

தியோ காரிலிருந்து இறங்கி என் சட்டையைப் பிடித்தான். “ஃபெரி கிளம்பிடுச்சு. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு. சரியா?”

“தியோ…”

“நீங்க சொன்னா நம்புவாங்க. அந்த ஆள் தூங்கறான். கேப்டன் எதிர்க்கரைக்காரர், அவருக்குச் சங்கம் கிங்கம் ஒண்ணும் தெரியாது. நாங்க தண்ணியில இருந்தோம். எங்களுக்குக் கேக்கலை.”

பிடித்த சட்டையை அவன் விடவில்லை. இவன் கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கிவைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். “சரி, சொல்றேன்” என்றேன். சொல்லியும் இருப்பேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பொய், பெரிய பாவமில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடில் கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எனக்குக் கேட்டுச்சு” என்றாள்.

“உள்ள ஏறு ஓடில்.”

“எனக்குக் கேட்டுச்சு தியோ.”

“நம்ம ரெண்டு பேரும்தான்…”

“நீ போ. உனக்குக் கேக்கலைன்னு சொல்லிக்கோ. எனக்குக் கேட்டுச்சு.”

அவள் சாய்தளத்தில் ஏறிப் போனாள். நாலு எட்டில் பனி அவளை மூடிவிட்டது, காலடிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. ஒரே காரில் வந்த தங்கை வாசித்து அண்ணன் வரவில்லை என்றால் பொய் நிற்காது, பெயரை அடித்துவிடுவார்கள் என்று தியோவுக்குத் தெரியும். அவன் காரில் ஏறி, பின்பக்கமாகவே ஓட்டி, கரையேறினான். எண்பத்தாறு அடியும் முடிந்து, அதற்கும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதிர்க்கரை விளக்கு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க தியோ அவளோடு பேசவில்லை. அல்சீட் டிரம்மின் பித்தளை வளையத்தைத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினான். வெர்னா இரண்டு கறுப்புக் கோட்டுக்கும் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். சாயங்காலம் கோயில் பக்கம் ஓடிலைப் பார்த்தேன்.

“நாளைக்கு நான் அவன் இடத்துக்கு ஏற மாட்டேன் பர்ரேன்” என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே. “என் பாட்டை மட்டும் வாசிப்பேன். அவன் விழுந்தா விழட்டும். ஒரு தடவை விழுந்தாத்தான் அவனும் எழுந்திருப்பான், நானும் போவேன்.”

“சரிம்மா” என்றேன். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. என் ஞான மகள் சிகாகோவுக்குப் போகிறாள் என்று அன்றைக்கே மனசுக்குள் ஃபெரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டி கோயிலைவிட்டு வெளியே வந்தது. பனி விலகி வெயில். கோயிலிலிருந்து கல்லறைக்கு, கரைமேட்டை ஒட்டி ஒரு மைல். தியோ எல்லோருக்கும் முன்னால் தனியாக நின்றான். அவனுக்கு இடது கைப்பக்கம் ஓடில். பின்னால் மார்செல், ட்ராம்போன்காரர்கள், சின்ன டிரம், கடைசியில் அல்சீட் வயிற்றின்மேல் பெரிய டிரம்மோடு. நெஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் பின்னால் வந்தோம். ஊரே வந்திருந்தது என்று அர்த்தம்.

அல்சீட் ஒரு அடி அடித்தான். எல்லோரும் கால் எடுத்து வைத்தார்கள். தியோ கீதத்தின் முதல் அடியைத் தொடங்கினான். கீழே, மெதுவாக, வெண்ணெய் மாதிரி. பொம்பிளைகள் முந்தியே அழ ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது அடி. ஓடிலின் கிளாரினெட் அவனுக்கு மேலே தன் பாட்டில் தனியாகப் பின்னிக்கொண்டு போனது. ஒன்பது மாதம் கழித்து வாசிக்கிறாளே, அவ்வளவு அழகு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெஸ்டருக்காக இல்லை.

மூன்றாவது அடி. மேலே ஏறுகிற இடம். நான் அவன் வலது தோளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். தோள் தூக்கிற்று.

ட்ரம்பெட்டிலிருந்து காற்று மட்டும் வந்தது. ஒரு மூச்சில் பாதி நேரம் பாட்டு நடுவழியில் இல்லாமல் போனது. அடுத்த கணம் அது மேலே இருந்தது. முழுசாக, பிசிறில்லாமல், தியோ பதினாலு வயதில் ஊதின மாதிரியே மூன்றாவது அடி ஏறிப் போனது. ஆனால் அது கிளாரினெட்.

ஓடிலைப் பார்த்தேன். அவள் கண்ணை அகலத் திறந்து தன் கையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். விரல்கள் தாமாக அண்ணன் இடத்துக்குப் போய்விட்டிருந்தன. அவள் தன் இடத்துக்கு இறங்கப் பார்த்தாள், நான் பார்த்தேன், நிச்சயமாகச் சொல்வேன். அடுத்த சுற்றில் இறங்கப் பார்த்தாள். அந்த இடம் வந்தது, தோள் தூக்கிற்று, விரல் மறுபடியும் ஏறிவிட்டது. ஒரு மைல் தூரத்துக்கு ஒவ்வொரு தடவையும் அப்படியே. கல்லறை வாசலை அடையும்போது அவள் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. எல்லோரும் நெஸ்டருக்காக என்று நினைத்திருப்பார்கள்.

எல்லோரும் ஏமாந்தார்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

அடக்கம் முடிந்து, திரும்பி வரும்போது வாசிக்கிற வேகப் பாட்டும் முடிந்து, கோயில் முற்றத்தில் எல்லோரும் கலைந்து நின்றார்கள். அல்சீட் டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டு மகளிடம் வந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் அவள் தலைமேல் கை வைத்தான். அந்தக் கை யார் தலையிலும் பட்டு நான் பார்த்ததில்லை.

“நீ பக்கத்துல இருக்கற வரைக்கும் அவன் விழ மாட்டான்” என்றான், மெல்ல. “இனிமே எனக்குக் கவலை இல்லை.”

ஓடில் அப்பனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். “சரி பப்பா” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் டிரம் அடித்துக்கொண்டு வந்தவனுக்குக் கேட்டிருக்கிறது என்றால், அவர்களுக்கு நேர் பின்னால் நடந்த மார்செலுக்கும் கேட்டிருக்கும். ட்ராம்போன்காரர்களுக்கும் கேட்டிருக்கும். பிறந்த நாளிலிருந்து இந்த ஊர்வலங்களில் நடந்தே கால் தேய்ந்த சனம் இது. எந்த வாத்தியம் எங்கே நின்றது என்று இங்கே பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாரிஸ்காரனை ஏமாற்றலாம்.

முற்றத்தில் தியோவுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

“உங்க தாத்தா கேட்டிருக்கணும்டா.”

“அந்த மூணாவது அடி! அடேயப்பா!”

“அப்படியே இருக்குது மூச்சு. கொஞ்சம்கூட மாறலை.”

மார்செல்கூட வந்து, “இனிமே நான் ட்ரம்பெட்டைத் தொட மாட்டேன்பா” என்று சிரித்தான். ஓடிலிடம் யாரும் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொம்பிளைகள் அவளைத் தாண்டிப் போகும்போது கையை மட்டும் ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் அன்பாகத்தான் செய்தார்கள். அல்சீட்டின் முகத்தைப் பார்த்து, அந்தப் பையனின் முகத்தைப் பார்த்து, யாருக்கும் மனசு வரவில்லை. அவ்வளவு பேர் சேர்ந்து ஒருத்தியை அங்கே பூட்டிவிட்டோம்.

தியோ எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னான். அவன் கண் மட்டும் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தது, யாராவது ஒருத்தராவது சொல்லிவிட மாட்டார்களா என்று தேடுவது மாதிரி எனக்குத் தோன்றியது. அது என் தோற்றமாகவும் இருக்கலாம்.

வரிசை நகர்ந்து என் முறை வந்தது. அங்கே இருந்தவர்களில் அவள் வாயால் கேட்டவன் நான் ஒருத்தன்தான். ‘ஏன்டா, உன் தங்கச்சியை விடேன்’ என்று நாலு வார்த்தை. நாக்கில் வந்து நின்றது. அவன் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. கீழ் உதட்டில் பொட்டு மாதிரி ரத்தம்.

“நல்லா வாசிச்சே தம்பி” என்றேன்.

திரும்பினால், ஓடில் கோயில் படியில் உட்கார்ந்து கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றித் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டாள்.

“கச்சேரிக்கு எந்த ஃபெரி சரியா இருக்கும் பர்ரேன்?”

“நாலரை” என்றேன்.

“சரி. நாங்க ரெண்டு பேர் வர்றோம்” என்றாள்.